சொல்லுரிமை: பர்பியானாப் பள்ளியும் லொரென்ஸோ மிலானியும்

 

1967ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்பது அதன் பெயர். நூலாசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் பெயர் எதுவும் இல்லை. 'பர்பியானாப் பள்ளி' என்று ஒரு பள்ளியின் பெயரே இருந்தது. எழுதியவர்கள் எட்டுப் பிள்ளைகள். மலைக்குடியானவர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அரசுத் தேர்வில் தோற்ற அனுபவத்திலிருந்து எழுதியவர்கள். நூல் அச்சாகிச் சில வாரங்களே கடந்திருந்தன. ஜூன் 26ஆம் நாள் அவர்களுடைய ஆசிரியர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 44.

அந்த ஆசிரியர் லொரென்ஸோ மிலானி என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். பள்ளியில் யார் நிற்கிறார், யார் வெளியேற்றப்படுகிறார் என்ற கேள்வி இத்தாலியில் எழும்போதெல்லாம் இன்றளவும் அவர் பெயர் இழுக்கப்படுகிறது. போற்றுவோரும் இழுக்கின்றனர், தூற்றுவோரும் இழுக்கின்றனர். கல்வியாளர் ஒருவரைப் பற்றி இலக்கிய வட்டத்தின் மேடையில் பேசுவதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. வறுமையை அவர் முதற்கண் சொல்லின் வறுமையாகக் கண்டார். நிலத்தின் இன்மையையும் கூலியின் குறைவையும் அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் தன் வழக்கைத் தானே எடுத்துரைக்கச் சொல் இல்லாதவனிடம் நிலமும் தங்காது, கூலியும் உயராது என்பது அவர் துணிபு. அவருடைய ஏறத்தாழ இருபதாண்டுக் கல்விப்பணி முழுவதும் இந்த ஒரு துணிபிலிருந்து விளைந்தது எனலாம்.

மிலானி 1923 மே 27ஆம் நாள் ஃபிளாரன்ஸில் பிறந்தார். செல்வமும் கல்வியும் பல தலைமுறைகளாகக் குடியிருந்த குடும்பம் அது. கொள்ளுப்பாட்டனார் தொமெனிகோ கொம்பரெத்தி பெயர்பெற்ற மொழிநூல் அறிஞர். இடைக்காலத்தில் வர்ஜில் எவ்வாறு பயிலப்பட்டான் என்பதைப் பற்றி 1872இல் அவர் எழுதிய நூல் ஆய்வுலகம் நன்கறிந்தது. தாயார் அலீசே வைஸ் திரியெஸ்த்தே நகரத்து யூதக் குடும்பத்தில் தோன்றியவர். அந்நாளில் அந்நகரில் ஆங்கிலம் கற்பித்துக் காலங்கழித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஜாய்ஸிடம் பாடம் கேட்டவர். இத்தகைய வீட்டில் பிறக்கும் குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே பள்ளியின் மொழியைப் பேசக் கற்றுவிடுகிறது. பிறர் பாடுபட்டுப் பெற வேண்டியதைத் தாம் சும்மா பெற்றுவிட்டோம் என்ற எண்ணம் மிலானியை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. தாம் பெற்ற சொல்லை அவர் ஒரு கடனாகவே கருதினார்.

இளமையில் ஓவியம் பயின்றார். பின்னர், சமயப்பற்று மிகுதியும் இல்லாத அக்குடும்பத்திலிருந்து 1943இல் கத்தோலிக்க நெறிக்குத் திரும்பி, அவ்வாண்டின் இறுதியிலேயே குருமடம் புகுந்தார். 1947 ஜூலையில் குருப்பட்டம் பெற்றார். அக்டோபரில், நெசவாலைகளால் பெயர்பெற்ற பிராத்தோவுக்கு அண்மையிலுள்ள சான் தொனாத்தோ தி கலென்ஸானோ என்னும் ஊருக்குத் துணைக்குருவாக அனுப்பப்பட்டார்.

கோயிலில் தாம் பேசும் சொற்கள் எதிரே இருப்போரைச் சென்று சேரவில்லை என்பதை அங்கே அவர் உணர்ந்தார். நம்பிக்கையின்மை அதற்குக் காரணமாக அவருக்குத் தோன்றவில்லை. மொழி எட்டவில்லை என்பதே அவர் கண்ட காரணம். எனவே ஆலைத் தொழிலாளர்க்கும் குடியானவர்க்கும் மாலைப்பள்ளி தொடங்கினார். 1948 பொதுத்தேர்தலை ஒட்டிக் கிறித்தவ சனநாயகக் கட்சியாரும் பொதுவுடைமையரும் ஊருக்கு ஊர் பிளந்து நின்ற காலம் அது. பொதுவுடைமையர் வீட்டு இளைஞர் படியேறத் தயங்கலாகாது என்பதற்காக வகுப்பறைச் சுவரில் இருந்த சிலுவையை அவரே கழற்றி வைத்தார். பாதிரியார் ஒருவர் சிலுவையைக் கழற்றுவது எத்துணைப் பெரிய செயல் என்பதை அக்காலத்து இத்தாலியோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். அவ்வூர்ப் பணியில் கண்டவற்றை அவர் எழுதிய 'மேய்ப்புப்பணி அனுபவங்கள்' என்ற நூல் 1958இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே திருச்சபையின் மேலிடம் அதை விற்பனையிலிருந்து விலக்க ஆணையிட்டது.

நூலுக்கு முன்பே தண்டனை வந்துவிட்டது. 1954இல் ஊரின் மூத்த குரு இறந்தபோது அவ்விடம் மிலானிக்குத் தரப்படவில்லை. மாறாக, மூடப்படும் நிலையிலிருந்த ஒரு மலைப்பங்கிற்கு அவர் அனுப்பப்பட்டார். அதுதான் பர்பியானா. முஜெல்லோ வட்டாரத்தில், மோந்தே ஜோவி என்னும் மலையின் சரிவில் உள்ளது. ஓவியன் ஜியோத்தோ பிறந்த மண் என்று சொல்லப்படும் விக்கியோ ஊராட்சியைச் சேர்ந்தது. ஊர் என்று சொல்வதற்கும் அங்கே ஒன்றுமில்லை. ஒரு கோயில், அதை ஒட்டிய குருவின் வீடு, சிறு கல்லறைத் தோட்டம், காட்டினூடே சிதறிக் கிடந்த குடியானவர் வீடுகள், ஏறக்குறைய நூறு மக்கள். வண்டிச்சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்நீரும் இல்லை. 1954 டிசம்பர் 7ஆம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தவர், மறுநாளே மலையிறங்கி அக்கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓரிடத்தை விலைகொடுத்து வாங்கினார். அப்போது அவருக்கு வயது 31. நாடு கடத்தப்பட்டவனாக அல்லாமல் குடியேறியவனாகத் தம்மை அவர் வகுத்துக்கொண்ட செயல் இது.

தொடக்கப்பள்ளி முடித்து மேலே செல்ல வழியின்றி ஆடு மேய்க்கத் திரும்பிய சிறுவரைத் திரட்டி 1956இல் பகற்பள்ளி தொடங்கினார். முதலில் சேர்ந்தவர் ஆறு பேர். குருவின் வீடே பள்ளி. காலை 8 மணிக்குத் தொடங்கினால் இரவு 7.30 மணிவரை நடக்கும். ஆண்டுக்கு 365 நாள்; மிகுநாள் ஆண்டாயின் 366. விளையாட்டு வேளை என்று ஒன்று கிடையாது. நகரத்துப் பிள்ளைக்கு இது சிறையாகத் தோன்றக்கூடும். விடியுமுன் எழுந்து தொழுவத்தில் சாணம் வாரிய பிள்ளைக்கு அமர்ந்து படிப்பதே ஓய்வாயிற்று.

மதிப்பெண் இல்லை. தேர்ச்சி இல்லை, தோல்வியும் இல்லை. ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லையாயின் வகுப்பு அங்கேயே நின்றுவிடும். அவனுக்கு விளங்கிய பின்பே நகரும். பின்தங்கியவனை மையமாக வைத்து மற்றவர்கள் சுற்றி நின்ற வகுப்பு அது. இன்று 'உள்ளடங்கிய கல்வி' என்னும் பெயரில் கருத்தரங்குகளில் பேசப்படுவது, பெயர் பெறாமலே அம்மலைமேல் நடந்தது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பன்னிரண்டு வயதிலேயே ஆசிரியனாகிவிடும் பிள்ளை, தனக்குத் தெரிந்ததை இன்னொருவனுக்கு விளங்கவைக்க வேண்டிய நெருக்கடியில்தான் அதை உண்மையாகக் கற்கிறான். ஆசிரியத் தொழிலில் இருப்போர் அனைவரும் இதனை அறிவர், சொல்வதில்லை.

பாடம் எங்கிருந்து வந்தது? நாள்தோறும் செய்தித்தாளை உரக்கப் படித்தார்கள். தெரியாத சொல் ஒன்று வந்தால் படிப்பு நிற்கும். அச்சொல்லின் வேர் என்ன, உறவுச்சொற்கள் எவை, யார் வாயில் எப்பொருளில் வழங்குகிறது என்று துருவுவார்கள். ஒரு சொல்லுக்காக ஒரு பகல் கழிந்தாலும் கழியும். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தைப் படித்தார்கள். தொழிலாளர் ஒப்பந்தங்களைப் படித்தார்கள். சாக்ரட்டீஸ் நீதிமன்றத்தில் பேசியதும், காந்தியடிகளின் தன்வரலாறும், ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சில் பங்குகொண்ட விமானி ஒருவரின் கடிதங்களும் அங்கே பாடமாயின. காந்தியடிகளின் நூல் பாட நூலாக அல்லாமல், சட்டத்தை மறுப்பவன் தண்டனையை ஏற்கக் கடமைப்பட்டவன் என்ற கருத்தை ஆராயும் ஆவணமாகப் படிக்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது. அயல்மொழிகள் கற்றனர், கோடையில் இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்சு நாடுகளுக்கு வேலை செய்து பிழைத்தபடியே மொழி பழகச் சென்றனர். தம் ஊர்ச் சந்தைக்கு அப்பால் எங்கும் போயிராதவர்களின் பிள்ளைகள் இவ்வாறு தனியே பயணம் போயினர். மலையேறி வரும் பேராசிரியரும் நீதிபதியும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிய பின்பே இறங்கலாம். மலைப்பிள்ளைகள் நீருக்கு அஞ்சினர் என்பதால் அவர்களைக் கொண்டே ஒரு சிறு நீச்சல் குளமும் கட்டினார். சுவரில் 'ஐ கேர்' என்ற ஆங்கிலத் தொடர் ஒட்டப்பட்டிருந்தது. 'எனக்கு அக்கறை உண்டு' என்று பொருள். எனக்கென்ன என்று மார்தட்டிய பாசிசத்தின் முழக்கத்திற்கு எதிர்ச்சொல்லாக அதை அவர் கொண்டார்.

மலைக்குக் கீழே அரசுப் பள்ளியின் நிலை வேறாக இருந்தது. 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசமைப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு குறைந்தது எட்டாண்டுக் கட்டாய இலவசக் கல்வியை உறுதி செய்திருந்தது. ஆயினும் ஐந்தாண்டுத் தொடக்கக் கல்விக்குப்பின் வழி இரண்டாகப் பிரிந்தது. இலத்தீன் கற்பித்து மேற்படிப்புக்கு அனுப்பும் நடுநிலைப்பள்ளி ஒன்று. வேலைக்கு அனுப்பும் தொழில் ஆயத்தப் பள்ளி மற்றொன்று. பதினொரு வயதில் எந்த வாயிலில் கால் வைத்தாயோ, அதுவே உன் வாழ்க்கை. 1962 டிசம்பர் 31ஆம் நாளிட்ட 1859ஆம் எண் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. 1963 அக்டோபரில் ஒரே நடுநிலைப்பள்ளி நடைமுறைக்கு வந்தது. வாயில் ஒன்றாகிவிட்டது. உள்ளே போன பிள்ளையை வெளியே அனுப்பும் கருவி மட்டும் அப்படியே இருந்தது. தேர்வுத் தோல்வியே அக்கருவி.

ஆசிரியப் பயிற்சிக்கான அரசுப் பள்ளியின் தேர்வில் பர்பியானாப் பிள்ளைகள் இருவர் தோற்றனர். ஆசிரியராகித் தம்மைப் போன்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் அவர்கள். அத்தோல்வியே 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலின் வித்து. அழுது புலம்பும் நூலன்று அது. அரசின் புள்ளிவிவரங்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் திரட்டி, ஒரு வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் எவ்வாறு உதிர்கின்றனர், உதிர்ந்தவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்தனர் என்று கணக்கிட்டுக் காட்டினர். தோல்வி எங்கும் ஒரே அளவில் விழவில்லை. குடியானவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்மேல்தான் குவிந்து விழுந்தது. நூலின் புள்ளியியல் பணிக்காக இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசளித்தது. பள்ளிப் படிப்பில் தோற்றவர்கள் செய்த கணக்கிற்கு இயற்பியலாளர் அளித்த சான்று அது.

நூலின் தொனி மிகக் கடுமையானது. ஒரு சமூக அமைப்பின் பாவம் முழுவதும் ஓர் ஆசிரியையின் தலையில் ஏற்றப்படுவதை ஆசிரியர் எவரும் நெஞ்சு குறுகாமல் படிக்க இயலாது. சில இடங்களில் அது நியாயமும் அன்று. ஆனால் இங்கே ஒரு செய்தியைக் கருதல் வேண்டும். அந்நூல் உருவான அறையில் அதேல் கொர்ராதி என்னும் அரசுப்பள்ளி ஆசிரியையும் இருந்தார். 1963 முதல் அவர் பர்பியானாவுக்கு வந்து மிலானிக்குத் துணை நின்றவர். ஆசிரியைமீது தொடுக்கப்பட்ட வழக்கின் வரைவை ஆசிரியை ஒருவரே உடனிருந்து கண்டார் என்பது அக்கடுமையின் தன்மையை ஓரளவு விளக்கும்.

இலக்கண வழுவென்று சிவப்பு மையால் சுழிக்கப்படுவதில் பெரும்பகுதி வேறொரு வாழ்க்கையின் மொழி என்பது பிள்ளைகளுடைய வாதத்தின் சாரம். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. பேச்சுக்கும் எழுத்துக்கும் இத்துணைத் தொலைவுள்ள நம் மொழியில், 'வந்துச்சு' என்று எழுதும் குழந்தையின் தாள் சிவந்து திரும்புகிறது. எழுத்துத்தமிழ் எவர் வீட்டிலும் பேசப்படுவதில்லை. ஆயினும் சில வீடுகளில் அது புத்தக அலமாரியில் காத்திருக்கிறது, சில வீடுகளுக்குப் பள்ளியைத் தவிர வேறு வாயில் இல்லை. இதற்குப் பேச்சுமொழியே போதும் என்று சொல்லிவிட்டு அமைதி கொள்வது எளிது. மிலானி அந்த எளிய விடையை ஏற்கவில்லை. குடியானவன் பிள்ளைக்கு நாட்டின் பொதுமொழி முழுமையாகக் கைவர வேண்டும். ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் ஆளுவோர் பேச்சையும் பிறர் துணையின்றிப் படித்துப் பொருள் காண வேண்டும். அதே வேளையில், அம்மொழியில் எழுதும்போது தன் தாய்க்கு விளங்காதபடி எழுதலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டியதுதான் அவருடைய தனித்தன்மை.

அதற்கு அவர் கண்ட வழி கூட்டெழுத்து. இதன் பிறப்பில் இன்னோர் ஆசிரியருக்கும் பங்குண்டு. பியாதெனா என்னும் ஊரின் பக்கத்துச் சிற்றூரில் தொடக்கப்பள்ளி நடத்திய மரியோ லோதி 1963இல் பர்பியானாவுக்கு வந்தார். பிரெஞ்சுக் கல்வியாளர் ஃபிரெனேயின் வழியில் பிள்ளைகளைச் சுதந்திரமாக எழுதவைத்தவர் அவர். அவருடைய வகுப்புக்குப் பர்பியானாப் பிள்ளைகள் எழுதிய மறுமொழிக் கடிதமே அவர்களின் முதற் கூட்டெழுத்து ஆயிற்று.

முறை இது. ஒவ்வொரு பிள்ளையும் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பான். எண்ணம் தோன்றும்போதெல்லாம் எழுதிவைப்பான். ஒரு சீட்டுக்கு ஓர் எண்ணம், ஒரு பக்கத்தில் மட்டும். குறித்த நாளில் எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசைமேல் பரப்புவார்கள். ஒன்றையே இருவர் சொல்லியிருந்தால் ஒன்று நீங்கும். உறவுள்ள சீட்டுகள் ஒரு குவியலாகும். குவியல் ஓர் இயலாகும். குவியலுக்குள் சிறு குவியல்கள் பத்திகளாகும். ஒரு சிறு குவியலுக்குப் பெயர் சூட்ட முடியவில்லையானால் அதில் பொருள் இல்லை, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு என்று அறிந்து கலைப்பார்கள். பின்பு வரிசை. பின்பு முதல் வரைவு. அதைப் படியெடுத்து எல்லார் கையிலும் கொடுப்பார்கள். கத்தரிக்கோல், பசை, வண்ண எழுதுகோல் ஆகியவற்றோடு மறுபடியும் அமர்வார்கள். அதற்குமேல் நடப்பது நீக்கும் வேலை. தேவையற்ற சொல், கூறியது கூறல், கனத்த சொல், ஒரு தொடருக்குள் நெரியும் இரண்டு கருத்து, உண்மையல்லாதது ஆகிய அனைத்தையும் வேட்டையாடுவார்கள். எதை நீக்கலாம் என்று சொல்பவனுக்கே அங்கே மதிப்பு மிகுதி. எல்லாம் முடிந்தபின் வெளியாரை ஒவ்வொருவராக அழைப்பார்கள். அதிகம் படித்திராதவராகப் பார்த்து அழைப்பார்கள். அவர் உரக்கப் படிப்பார். எங்கே தடுக்குகிறாரோ, எங்கே பிறழப் பொருள் கொள்கிறாரோ, அங்கே பிழை எழுதியவர்களுடையது. மறுபடியும் மேசை, மறுபடியும் கத்தரிக்கோல். 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' இவ்வாறு ஏறத்தாழ ஓராண்டு உழைப்பில் உருவானது.

கவிதைக்கு இம்முறை பொருந்துமா என்ற வினா கவிஞர்கள் கூடிய அவையில் எழுதல் இயல்பு. பொருந்தாது. சீட்டுகளை அடுக்கி ஒப்பந்தம் எழுதலாம், முறையீடு எழுதலாம். கவிதை அவ்வாறு பிறப்பதில்லை. பர்பியானாவில் கவிதைக்கு இடம் குறைவாக இருந்தது என்பதும் உண்மை. ஆயினும் இறுதிப் படி, அதாவது படிப்பு குறைந்த ஒருவரை அழைத்து உட்காரவைத்து அவர் வாயால் நம் எழுத்தைக் கேட்பது, கவிஞர்களும் செய்யத்தக்கது. அச்சேறும் தமிழ்க் கவிதைத் தொகுதிகளில் எத்தனை அத்தேர்வுக்கு உட்படத் துணியும்?

இந்த நூல் உண்மையில் யாருடையது என்ற ஐயம் இத்தாலியில் அன்றே எழுந்தது. இத்துணைச் செறிவான உரைநடையை ஊர்ப் பிள்ளைகள் எழுத இயலுமா, பாதிரியாரே எழுதிப் பிள்ளைகள் பெயரில் விட்டிருப்பார் என்றனர். நூலின் கூர்மையில் மிலானியின் கை தெரிவதை மறுக்க வேண்டியதில்லை. அவர் வாழ்நாள் முழுதும் பயின்ற சிக்கனம் அது. ஆனால் தொழுவத்தைப் பற்றியும், பள்ளிக்கு நடக்கும் தொலைவைப் பற்றியும், தேர்வு அறையில் தொண்டை அடைப்பதைப் பற்றியும் வரும் செய்திகள் ஃபிளாரன்ஸ் மாளிகையில் பிறந்தவருடைய அனுபவங்கள் அல்ல. மேலும், இந்த ஐயத்தின் அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: நன்றாக எழுதியிருந்தால் அது ஏழையின் எழுத்தாக இருக்க முடியாது என்ற நம்பிக்கை. நூல் எதிர்த்து வழக்காடுவதும் அந்த நம்பிக்கையைத்தான்.

சொல் கைவந்தவர்கள் அதைப் பள்ளிக்குள் மட்டும் பயன்படுத்தவில்லை. 1965 பிப்ரவரியில், ஓய்வுபெற்ற படைத்துறைக் குருமார் சிலர் மனச்சான்றின் பேரில் படைப்பணியை மறுப்போரைக் கோழைகள் என்று இழித்து அறிக்கை விட்டனர். அவ்விளைஞர்கள் அப்போது சிறையில் இருந்தனர். மிலானியும் பிள்ளைகளும் அதைச் செய்தித்தாளில் படித்தனர். இத்தாலியின் நூறாண்டுப் போர் வரலாற்றை ஆராய்ந்து மறுமொழி எழுதினர். குற்றத்தைப் புகழ்ந்தார் என்று மிலானிமீது வழக்கு வந்தது. 1960 முதல் புற்றுநோயால் நலிந்திருந்த அவரால் ரோமாபுரி செல்ல இயலவில்லை. நீதிபதிகளுக்குக் கடிதமாகத் தம் வாதத்தை அனுப்பினார். 1966 பிப்ரவரி 15ஆம் நாள் விடுதலைத் தீர்ப்பு கிடைத்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். மிலானி கண்டிப்பு மிகுந்தவர். கடுஞ்சொல்லுக்கும் கையோங்கலுக்கும் அஞ்சாதவர். விளையாட்டைக் காலவிரயம் என்று வெறுத்தார். அவர் பள்ளியில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. மலைக்குடியானவர் பெண்களை வீட்டோடு நிறுத்தினர் என்பது உண்மை. ஆனால் மின்சாரம் இல்லாத மலையில் இவ்வளவையும் சாதித்தவர், அந்தத் தடையைத் தகர்க்க எத்துணை முயன்றார் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. எல்லாரையும் உள்ளடக்கிய வகுப்பு என்று புகழும்போது இதனை மறைத்தல் தகாது. இறந்தபின் அவர்மேல் வந்த பெரிய குற்றச்சாட்டு வேறு. தேர்வைத் தளர்த்தித் தரத்தைத் தாழ்த்தியவர் என்று பலர் எழுதினர்; நாவலாசிரியர் செபாஸ்தியானோ வஸ்ஸல்லி 1992இல் அவரைக் கடுமையாகத் தாக்கினார். நாளொன்றுக்குப் பதினொரு மணிநேரத்துக்கு மேல் பாடம் நடத்தியவரைப் பார்த்துத் தளர்த்தியவர் என்பது விந்தையே. நூல் சொன்ன பரிகாரம் மூன்று. பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்யாதிருத்தல் முதலாவது. பின்தங்கியோர்க்கு முழுநாள் பள்ளி இரண்டாவது. ஆர்வம் இழந்தவர்க்குக் கற்பதன் நோக்கத்தைக் காட்டுதல் மூன்றாவது. முதலாவதற்குச் செலவில்லை. ஆகவே அதை மட்டும் எடுத்துக்கொள்வது அரசுகளுக்கும் எளிது, அதை மட்டும் பழிப்பது எதிரிகளுக்கும் எளிது.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. 2019 திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது. தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட அப்பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. நிறுத்தலாமா கூடாதா என்று இரு அணியாக நின்று வாதிட்டோர், நிறுத்தாமல் அனுப்பிய பிள்ளையோடு மாலையில் உட்காருபவர் யார் என்ற இரண்டாவது பரிகாரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

இத்தாலியில் விளைவுகள் மெல்ல வந்தன. 1975இல் மொழியியலாளர் துல்லியோ தெ மவுரோவும் அவரைச் சார்ந்தோரும் சனநாயக மொழிக்கல்விக்கெனப் பத்துக் கோட்பாடுகளை வெளியிட்டனர். வட்டார வழக்கும் வீட்டுமொழியும் வகுப்பில் இழிவுபடலாகாது என்ற பர்பியானாவின் குரல் அதில் கேட்கிறது. 1977 ஆகஸ்டில் இயற்றப்பட்ட 517ஆம் எண் சட்டம் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளைப் பொது வகுப்பிலேயே சேர்த்துக் கற்பிக்க வழி வகுத்தது. 'கடினமான பிள்ளைகள்' என்று பிரித்து வைத்த தனிவகுப்புகளும் ஒழிந்தன. நடுநிலைப்பள்ளியிலிருந்து இலத்தீன் நீக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இவையனைத்தும் ஒரு பாதிரியாரின் ஆக்கம் என்பது மிகை. தொழிற்சங்கங்களும் பெற்றோரும் ஆசிரியர் இயக்கங்களும் போராடிப் பெற்றவை அவை. அவர்களுள் பலருடைய கையில் அச்சிறு நூல் இருந்தது.

மிலானி தாயார் வீட்டில் இறந்து, தாம் வாங்கியிருந்த அம்மலைநிலத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1967 அக்டோபர் 28ஆம் நாள் மேல்முறையீட்டு மன்றம் அவர் எழுதியது குற்றமே என்று கூறி, குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டமையால் வழக்கு முடிந்தது என்றது. மனச்சான்றின் பேரில் படைப்பணி மறுக்கும் உரிமையை இத்தாலியச் சட்டம் 1972 டிசம்பரில் ஏற்றது. 2017 ஜூன் 20ஆம் நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் பர்பியானாவுக்குச் சென்று கல்லறைமுன் வேண்டுதல் செய்தார். பள்ளி அவருக்குப்பின் நீடிக்கவில்லை. பிள்ளைகள் வரைந்த நிலப்படங்களும் மரமேசைகளும் அவ்வறையில் காக்கப்பட்டுள்ளன. மாணவர் சிலர் தொழிற்சங்கப் பணிக்குச் சென்றனர். அவர்களுள் ஒருவரான மிகேலே ஜெசுவால்தி 1995 முதல் 2004 வரை ஃபிளாரன்ஸ் மாகாணத்தின் தலைவராக இருந்தார். அவருடைய தம்பி பிரான்செஸ்கோ, அக்கடிதத்தை எழுதிய எண்மருள் ஒருவர், நாம் வாங்கும் பொருள்களுக்குப் பின்னால் மூன்றாம் உலகத் தொழிலாளர் படும் பாட்டை ஆராய்ந்து எழுதும் மையம் ஒன்றை நிறுவினார்.